பெருச்சாளி கதவைச் சாத்திய மதியம்

மருந்தை எவ்வளவு கலக்க வேண்டும், முகமூடியை எப்படி மாட்ட வேண்டும் என்பதையெல்லாம் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு வேறு ஆட்கள் சொல்லித் தருவார்கள். பூச்சி, எலி ஒழிக்கும் இந்தத் தொழிலில் தலை நரைக்கும்வரை இருந்து, பத்து விரலும் பத்திரமாக ஓய்வு பெற்றவள் என்பதால் என்னைப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். நான் பேசப்போவது ஒரே ஒரு பிராணியைப் பற்றி. உங்களில் பாதிப் பேர் இந்த வேலையை விட்டு ஓடப்போவதும் அதனால்தான். பெருச்சாளி.

விலங்கியலில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு ஆழ்வார்பேட்டையில் ஒரு சின்ன கம்பெனியில் சேர்ந்தேன். "எலி பிடிக்கிற வேலைக்கா இவ்வளவு படிச்சே?" என்று அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். சொந்தக்காரர்களிடம் "ஹெல்த் டிபார்ட்மென்ட் மாதிரி" என்று சொல்லிச் சமாளித்தார். எனக்கு ஒரு நாளும் வெட்கமாக இருந்ததில்லை. இந்த ஊரில் தரைக்கு மேலே நடப்பதைவிடக் கீழே நடப்பதுதான் சுவாரசியம் என்பது என் கட்சி.

முதலில் ஒரு சிரிப்புக் கதை. தி. நகரில் ஒரு புடவைக் கடை. குடோன் சுவரை ஒட்டிப் பெருச்சாளி பொந்து. ஆடித் தள்ளுபடி கூட்டம் அலைமோதிக்கொண்டிருந்த நேரத்தில், கடை மேனேஜருக்கு யாரோ யோசனை சொல்லியிருக்கிறார்கள். மிளகாய் வற்றலைக் கரியில் போட்டு, அந்தப் புகையைப் பொந்துக்குள் விசிறியிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் முதல் மாடியில் பட்டுப் பிரிவில் இருந்த மாமிகளெல்லாம் இருமிக்கொண்டு, கண்ணைக் கசக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடி வந்துவிட்டார்கள். கட்டியிருந்த புடவையோடு கடைப் புடவையையும் தோளில் போட்டபடி வந்தவர்கள் நிறையப் பேர். கடைக்காரர் புடவையைத் தேடுவாரா, பெருச்சாளியைத் தேடுவாரா?

நான் போய்ப் பார்த்தேன். பொந்தின் வாய் ஈர மண்ணால் கச்சிதமாக அடைபட்டிருந்தது. புகை வந்ததும் அது உள்ளேயிருந்து மண்ணைத் தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டுவிட்டது. போக வழியில்லாத புகை பழைய சுரங்கம் ஒன்றின் வழியாக மின்சார ஒயர் போகும் குழாய்க்குள் புகுந்து மாடிக்கு ஏறியிருக்கிறது. மேனேஜரோ, பொந்து மூடிவிட்டதால் பெருச்சாளி செத்தது என்று சந்தோஷமாக இருந்தார். இந்தத் தப்பைச் செய்யாத ஆள் நம் தொழிலில் கிடையாது. பொந்து மூடியிருந்தால் வேலை முடிந்தது என்று நினைப்பது. நீங்களும் ஒரு நாள் நினைப்பீர்கள், அன்றைக்கு, நான் இப்போது சொல்லப்போகும் கதையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அது மயிலாப்பூரில், குளத்துக்கு நடக்கிற தூரத்தில் உள்ள ஒரு பழைய அடுக்குமாடிக் குடியிருப்பு. மெட்ரோவுக்காக அந்தப் பக்கமெல்லாம் தோண்டிப் போட்டதில், மண்ணுக்குள் குடியிருந்த பெருச்சாளிகள் பெட்டி படுக்கையோடு அக்கம்பக்கத் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்திருந்தன. குடியிருப்பின் செக்ரட்டரி வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குழந்தைகள் விளையாடும் இடம், அதனால் விஷ மாத்திரை கூடாது என்று எங்கள் முதலாளியிடம் கறாராகச் சொல்லியிருந்தார். நல்ல மனுஷர், நல்ல கவலை.

முதலாளி அப்போதுதான் ஒரு புது முறையைக் கேள்விப்பட்டு வந்திருந்தார். டிரை ஐஸ். கல்யாண மேடையில் பெண்ணும் மாப்பிள்ளையும் நடந்து வரும்போது காலடியில் வெள்ளைப் புகை விடுகிறார்களே, அதே கட்டிதான். உறைந்த கரியமிலவாயு. பொந்துக்குள் போட்டால் ஆவியாகி, உள்ளே இருக்கிற பிராணி தூங்கியபடியே போய்விடும். விஷம் கிடையாது, வாசனை கிடையாது, மிச்சம் கிடையாது. காகிதத்தில் பார்த்தால் அருமையான முறை. சாதாரண எலிக்குப் பல இடத்தில் பலித்துமிருக்கிறது.

அன்று நான் பெருங்குடியில் ஒரு ஐ.டி. அலுவலகத்தின் கேன்டீனைப் பார்த்துவிட்டு ஆட்டோவில் திரும்பிக்கொண்டிருந்தேன். மயிலாப்பூரில் அன்றைக்கே வேலை நடக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. மதியச் சாப்பாட்டு நேரம். எங்கள் டீம் லீடர் பாபு போன் செய்தான். கெட்டிக்காரன், சிரித்த முகம், எல்லா வேலையையும் மற்றவர்களுக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்று துடிப்பவன்.

"மேடம், மயிலாப்பூரு வேல சூப்பரா முடிஞ்சிச்சு. தோட்டத்துல எல்லா பொந்துலயும் கட்டியப் போட்டோம். இப்போ பாத்தா எல்லாம் மூடிக்கினு கீது. அடுத்த எடத்துக்குக் கெளம்பறோம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மூடினது யாரு? நீங்களா?"

"நாங்க இல்ல மேடம். தானா மூடிக்கிச்சு."

"மண்ணு மேலருந்து சரிஞ்சு விழுந்திருக்கா, உள்ளருந்து தள்ளியிருக்கா? பாத்துச் சொல்லு."

அவன் குனிந்து பார்க்கிற சத்தம் கேட்டது. "உள்ளருந்துதான் மேடம். ஈர மண்ணு, அமுக்கி வெச்ச மாதிரி கீது."

"அப்போ அது உசுரோட இருக்கு. நீ போட்ட கட்டி எங்க?"

"அது கரஞ்சி போச்சு மேடம்."

"போச்சு, சரி. எங்க போச்சு? கதவ அது சாத்திடுச்சு. மேல நீங்க கோணியப் போட்டு மூடியிருப்பீங்க. அவ்வளவு காத்தும் எங்கடா போச்சு பாபு?"

கரியமிலவாயு காற்றைவிட கனம், தண்ணீர் மாதிரி பள்ளம் தேடிப் போகும். பழைய சுரங்கம் எதிலாவது புகுந்திருந்தால், அந்தக் கட்டடத்திலேயே தாழ்வான இடத்தில் போய்த் தேங்கியிருக்கும். கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் தெரியாது.

"அந்த பில்டிங்ல தரைக்குக் கீழ என்ன இருக்கு?"

"தண்ணி சம்பு, மோட்டார் ரூம்..." என்று இழுத்தவன், குரல் மாறிச் சொன்னான். "வாட்ச்மேன் வூடு கீது மேடம். ஏழுமலையண்ணன் வூடு. படி எறங்கிப் போவணும்."

ஏழுமலை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய மனைவி செல்வியும் கைக்குழந்தையும் கீழே அந்த அறையில் இருக்கிறார்கள் என்றான். மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில், நாலைந்து படி இறங்கினால், ஜன்னல் இல்லாத அறை அது. பாபு ஓடத் தொடங்கியது மூச்சிரைப்பில் தெரிந்தது. நான் ஆட்டோவுக்குள்ளிருந்தே கத்தினேன்.

"கீழ எறங்காதே! மேல் படியிலயே நில்லு. போன ஸ்பீக்கர்ல போடு. கதவத் தொறந்து வெச்சுட்டு அங்கருந்தே கூப்பிடு."

ஏன் இறங்காதே என்றேன் என்று கேட்பீர்கள். இந்த மாதிரிப் பள்ளத்தில் முதலில் விழுந்தவரைத் தூக்கப் போய் அடுத்தவரும், அவரைத் தூக்கப் போய் மூன்றாமவரும் விழுவார்கள். நம் தொழிலில் வீரத்துக்கு இடம் இருக்கிறது, ஆனால் இரண்டு நிமிஷம் யோசித்த பிறகுதான். எனக்கு அன்று இரண்டு நிமிஷம்கூட இல்லை. பாபுவையும் அனுப்ப மனசு வரவில்லை, அந்தப் பெண்ணை விடவும் மனசு வரவில்லை.

"செல்விக்கா! அக்கா!"

உள்ளேயிருந்து சோம்பலாக ஒரு குரல் வந்தது. "இன்னாபா? தல வலிக்குதுன்னு ஒக்காந்துகினு கீறேன். கீழ இந்த சாமி வெளக்கு வேற, ஏத்த ஏத்த நிக்க மாட்டேன்னுது. காத்தும் இல்ல, ஒண்ணும் இல்ல."

சாமி படத்துக்கு முன்னால் தரையில் வைத்த விளக்கு. அது அணைகிறது என்றால் தரையோரத்தில் காற்று செத்துவிட்டது. அவள் அதே தரையில் உட்கார்ந்திருக்கிறாள்.

"செல்வி, நான் கம்பெனி மேடம் பேசறேன். ஒடனே எழுந்து நில்லு."

"மேடைல சோறு கீது, வடிச்சிட்டு வர்றேன் மேடம். கொஞ்சம் படுத்தா சரியாப் பூடும்."

"படுக்காதே! எழுந்து நில்லுடி!" முகம்கூடத் தெரியாத ஒரு பெண்ணை 'டி' போட்டது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். "சொவத்தப் புடிச்சுக்கினு நில்லு. கொழந்த எங்க?"

"தூளில."

தூளியில்! உயரத்தில்! அந்த நிமிஷம் எனக்கு அழுகையே வந்துவிட்டது. கனமான காற்று கீழே தேங்கும், தூளி அதற்கு மேலே தொங்கும். குழந்தை அம்மாவைவிட நல்ல காற்றில் இருந்தது.

"நின்னாச்சா? இப்ப கொழந்தையத் தூக்கித் தோள்ல போடு. கீழ எதுக்கும் குனியாதே. அடுப்பு, சோறு, எது விழுந்தாலும் விடு. அப்படியே படியேறி வா. பாபு, ஒரு கை நீட்டு, ஆனா நீ எறங்காதே."

கொலுசுச் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. பிறகு பாபுவின் குரல், கூடவே பலர் கூச்சல், அதற்கும் மேலே தூக்கம் கலைந்த கோபத்தில் ஒரு குழந்தையின் அழுகை. எத்தனையோ மேடையில் எத்தனையோ பேர் பாடக் கேட்டிருக்கிறேன். அந்த அழுகைக்கு ஈடாக ஒன்றையும் சொல்ல மாட்டேன்.

ஆட்டோக்காரர் எப்போதோ வண்டியை ஓரம் கட்டிவிட்டுத் திரும்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னா மேடம், மேல வந்துட்டாங்களா?"

"வந்துட்டாங்க."

"கெட்டியா புடிச்சிக்கோங்க" என்றவர், மெட்ரோ தடுப்புகளுக்கு நடுவே, போகவே முடியாது என்று நான் நினைத்திருந்த சந்துகளிலெல்லாம் புகுந்து கொண்டுபோய்ச் சேர்த்தார்.

செல்வி குரோட்டன்ஸ் தொட்டிப் பக்கத்தில் வாந்தி எடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். ஏழுமலை குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தோம். சாயங்காலத்துக்குள் இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள் என்று தகவல் வந்தது. அதற்கிடையில் செக்ரட்டரி வேட்டியைப் பிடித்துக்கொண்டு பதறி இறங்கி வந்தார்.

"என்ன மேடம் இது? சோடாவுல இருக்கற காத்துதானே, ஒண்ணும் பண்ணாதுன்னேளே!"

"சோடாவுல இருந்தா ஒண்ணும் பண்ணாது சார். ரூம் நெறைய இருந்தா பண்ணும்."

மேலிருந்து பெரிய மின்விசிறியை வைத்து, அறையின் காற்றை வெளியே இழுத்து, கம்பெனியிலிருந்து வரவழைத்த வாயு அளக்கும் கருவியின் எச்சரிக்கை மணி ஓயும்வரை யாரையும் கிட்டே விடவில்லை. பிறகு நானும் பாபுவும் இறங்கினோம். அரிசி டின்னுக்குப் பின்னால், சுவரும் தரையும் சேரும் மூலையில் ஒரு ஓட்டை. எலி வருகிறதென்று செல்வி அதில் பழந்துணியை அடைத்து வைத்திருந்தாள். எலிக்குத் துணி போதும், காற்றுக்குப் போதுமா?

தோட்டத்துக்கு வந்து பாபு ஒரு கேள்வி கேட்டான். "மேடம், அது நெசமாவே உசுரோட கீதா?" அவனுக்கு அது தெரிந்தாக வேண்டும். கருவியின் மெல்லிய குழாயை மண் அடைப்பின் வழியாக மெதுவாக உள்ளே செலுத்தினோம். செலுத்திய உடனே கருவி அலறத் தொடங்கியது. ஒரு ஆள் தலையை உள்ளே விட்டால் தலைவலியோடு திணறிப்போகிற காற்று அது. அடைப்பை விரலால் கொஞ்சம் விலக்கி டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே ஒரு தாய்ப் பெருச்சாளி, வயிற்றோடு ஒட்டிய குட்டிகள். வெளிச்சத்தைப் பார்த்து முறைத்தது. பிறகு எங்களை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் முன்னங்கால்களால் முகத்தைத் துடைத்துக்கொண்டது.

அங்கேயே தரையில் உட்கார்ந்து பாபுவுக்கும் செக்ரட்டரிக்கும் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன். நமக்கு மூச்சு முட்டுவது பெரும்பாலும் பிராணவாயு குறைவதால் என்று நினைக்கிறோம். உண்மையில் நம் உடம்பு கணக்குப் பார்ப்பது கரியமிலவாயுவை. அது கொஞ்சம் கூடினாலே மூளை மணி அடிக்கும், நாம் இரைக்கத் தொடங்குவோம். கதவைச் சாத்திக்கொண்டு மண்ணுக்குள் வாழ்கிற பிராணிக்குத் தன் மூச்சே திரும்பத் திரும்பக் கிடைக்கும். அதற்கெல்லாம் மணி அடித்தால் அது தூங்கவே முடியாது. அதனால் வளைக்குள் வாழும் பிராணிகளுக்கு அந்த மணி நிதானமாகத்தான் அடிக்கும். கிடைக்கிற கொஞ்சப் பிராணவாயுவையும் அவற்றின் ரத்தம் விடாமல் பிடித்துக்கொள்ளும். தேவைப்பட்டால் உடம்பு தன் செலவையே குறைத்துக்கொள்ளும். எல்லாப் பிராணிக்கும் இது ஒரே அளவில் இருக்காது. ஆனால் நாம் எந்தக் காற்றை ஆயுதம் என்று கொண்டுபோனோமோ, அந்தக் காற்று அதற்கு வீட்டுக் காற்று.

"அப்போ இத எப்டி மேடம் புடிக்கறது?" என்றான் பாபு.

"அதுக்குப் பிடிக்காதத வெச்சு. தொறந்த கதவு."

எல்லா அடைப்பையும் எடுத்துவிட்டு ஒவ்வொரு வாயிலும் ஒரு கூண்டை ஒட்டி வைத்தோம். வெளிக்காற்று குளுகுளுவென்று உள்ளே போனதும் அதற்குப் பொறுக்கவில்லை. கதவைச் சாத்த மண்ணைத் தள்ளிக்கொண்டு நேராகக் கூண்டுக்குள் வந்தது. விஷமும் இல்லை, புகையும் இல்லை. ஒன்றன் பின் ஒன்றாகத் தாய்களும் தகப்பன்களும் வந்து மாட்டிக்கொண்டார்கள். செக்ரட்டரி பால்கனியிலிருந்து ஒவ்வொன்றுக்கும் கைதட்டினார். அந்த வாரத்திலேயே தோட்டம் காலி. முதலாளி எங்கள் டீமுக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்தார்.

இங்கேயே நான் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருந்தால் இந்தக் கதையை உங்களுக்குச் சொல்லியே இருக்க மாட்டேன். ஓட்டையைச் சிமென்ட் வைத்து அடைத்துவிட்டோம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, தற்காலிகமாகப் படிக்கட்டுக்கு அடியில் இருந்த செல்வி, மறுபடி அந்த அறைக்கே பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு இறங்கினாள். தோளில் குழந்தை. எனக்கு அந்தக் காட்சியைப் பார்க்கவே முடியவில்லை. பக்கத்திலேயே மோட்டார், ஜன்னல் கிடையாது, மழை பெய்தால் தண்ணீர் நிற்கும் பள்ளம். முதல் மாடியில் குடியிருப்போர் சங்கத்துக்குச் சொந்தமான அறை ஒன்று, உடைந்த நாற்காலிகளும் கேரம் போர்டுமாகப் பூட்டிக் கிடந்தது. அந்த அறையை இவர்களுக்குக் கொடுக்கும்வரை வேலை முடிந்தது என்று சொல்ல மாட்டேன் என்றேன் செக்ரட்டரியிடம்.

முதலாளி போனில் கொதித்தார். "ஏம்மா, பெருச்சாளி புடிக்கப் போன எடத்துல வாட்ச்மேனுக்கு வீடு பாத்துக்கிட்டு இருக்கியா?"

"ஆமா சார். அது வளைதான் சார், வீடில்ல. நம்ம வேல வளைய மூடறதுதானே?"

"என்னமோ பண்ணு. என் பேரு கெடாமப் பாத்துக்கோ" என்று வைத்துவிட்டார்.

செக்ரட்டரி, தான் தனியாக முடிவெடுக்க முடியாது, பொதுக்குழுவைக் கூட்ட வேண்டும் என்றார். "கூட்டுங்கோ சார், நானும் வரேன்" என்றேன். ஞாயிற்றுக்கிழமை காலை, கார் நிறுத்தும் இடத்தில், பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கூடினார்கள். ஃபில்டர் காப்பி வந்தது. ஏழுமலையும் செல்வியும் தூண் ஓரமாக நின்றார்கள். அந்த அறை விசேஷத்துக்கு வேண்டும் என்றார் ஒருவர். பார்சல் வைக்க வேண்டும் என்றார் இன்னொருவர். மூன்றாவது வீட்டு மாமி, கெட்ட எண்ணமே இல்லாமல், சாதாரணமாகத்தான் கேட்டார்.

"இத்தனை வருஷமா அங்கதானே இருக்கா? அவாளுக்குப் பழகிப்போயிருக்குமே?"

யாரும் மறுக்கவில்லை. செல்விகூடத் தலையை ஆட்டினாள். "பழகிடிச்சிம்மா" என்றாள்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. எழுந்து நின்றேன்.

"மாமி, அந்தக் காத்துக்குப் பழகின ஒருத்திய நான் பாத்தேன். உங்க தோட்டத்துலதான் இருந்தா. மண்ணுக்குள்ள கதவச் சாத்திண்டு கொழந்தைகளுக்குப் பால் குடுத்துண்டு சௌக்கியமா இருந்தா. அவளுக்கு ரத்தமே வேற, மூச்சே வேற. அந்த ஒடம்பு வர அவ வம்சத்துக்கு எத்தனையோ லட்சம் வருஷம் ஆயிருக்கு. செல்விக்கு உங்க ரத்தம்தான் மாமி, உங்க மூச்சுதான். அவளுக்குப் பழகல. அவ வாயத் தொறக்கல, அவ்வளவுதான்."

நான் அதிகம் பேசிவிட்டேனோ என்று எனக்கே தோன்றியது. கேள்வி கேட்ட அந்த மாமி செல்வியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையிலிருந்த காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு முதல் ஆளாகக் கையைத் தூக்கினார். அடுத்து செக்ரட்டரி. அப்புறம் எண்ணிப் பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. கேரம் போர்டைத் தூக்கிக்கொண்டு வந்தது, பார்சல் அறை கேட்டவர்தான்.

இன்றுவரை ஒரு சொல்லைக் கேட்டால் நான் பையைக் கீழே வைத்துவிடுவேன். நீங்களும் வையுங்கள். ஒரு வீட்டில், ஒரு குடோனில், ஒரு சமையற்கட்டில், "நாத்தம் பழகிடுச்சுங்க", "தலைவலி பழகிடுச்சுங்க" என்று யாராவது சிரித்துக்கொண்டே சொன்னால், நம் வேலை அங்கேதான் தொடங்குகிறது. செல்வி பாயோடு மாடி ஏறிய அன்று சாயங்காலம், ஜன்னலைத் திறந்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் நின்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "மேடம், அங்க எனக்கு மூச்சு முட்டினுதான் இருந்திச்சு, தெனமும்" என்றாள்.